ஆறு கூட்டல் நாலு பெருக்கல் பன்னிரண்டு

முதல் நாள் வகுப்புக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர். என் அக்கா ஒருத்தி. அவளோடு செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் தட்டு நிரப்புகிற பெண்கள் இருவர். ஒருவர் சுனாபட்டியிலிருந்து வருபவர், ஐம்பதை நெருங்கியவர். மற்றவள் வடாலாக்காரி, இருபத்திரண்டு வயது, தமிழ் பேசுவாள், படிக்க வராது. சொல்லிக்கொடுக்க நான். வராதவர் அத்தான். வீட்டில்தான் இருந்தார், ஆனால் நாங்கள் பாயை விரித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். அம்மாவும் இல்லை. என் தங்கையின் பிரசவத்துக்காக வாஷியில் இருந்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த மதியம். தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே அக்கா குடும்பம், மேலே நானும் அம்மாவும், நடுவில் ஓர் இரும்பு ஏணி. கீழறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்கும்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துக்குப் புதுக் காண்டிராக்ட்காரர் வந்திருந்தார். அதுவரை பொறுப்பாளர் ஒருவர் நின்று, இந்த வார்டுக்கு இத்தனை தட்டு என்று சத்தமாகச் சொல்வார், பெண்கள் நிரப்புவார்கள். புதியவர் அந்தப் பொறுப்பாளரை நிறுத்திவிட்டார். இனி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு சீட்டு வரும், அதில் உள்ள கணக்கை அவரவரே போட்டுத் தட்டு எடுக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு பரீட்சை. பத்துக் கணக்கு, ஆறு சரியாக இருந்தால் தட்டு வரிசையில் இருக்கலாம். இல்லையென்றால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போக வேண்டும்.

மற்ற இருவருக்கும் அது கௌரவக் குறைச்சல், சம்பளக் குறைச்சல், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்படியில்லை. அவள் கையில் சோப்புத் தண்ணீர் பட்டால் விரலிடுக்குகள் வெடித்துவிடும். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு ஓட்டலில் கழுவுகிற வேலை பார்த்தபோது சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். பிள்ளைக்குச் சடை பின்ன முடியாது. கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும். டாக்டர், சோப்பைத் தொடாதே என்று எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தாளைக் காண்டிராக்ட்காரரின் ஆளிடம் காட்டினாள். "எல்லாருக்கும் ஒரே ரூல்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பரீட்சைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பி.காம். முடித்து வாஷியில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அக்கா கொண்டுவந்திருந்த பழைய வார்டு சீட்டு ஒன்றைப் பார்த்து, சிலேட்டுப் பலகையில் பெரிதாக எழுதினேன்.

6 + 4 × 12

"வாசிங்க" என்றேன்.

"ஆறும் நாலும் பத்து. பத்து பன்னெண்டு நூத்தி இருவது" என்றாள் அக்கா. நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"தப்பு."

"எப்பிடில தப்பு? பத்து பன்னெண்டு நூத்தி இருவது இல்லையா?"

"அது சரி. ஆனா முதல்ல பெருக்கணும். அப்புறந்தான் கூட்டணும்."

"கூட்டல்தான முன்னால கெடக்கு?"

"முன்னால கிடந்தாலும் பெருக்கல்தான் முதல்ல. அது ரூல்."

"யாரு போட்ட ரூல்?" என்றாள் வடாலாக்காரி. "காண்டிராக்ட் சேட்டா?"

மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் ரூல் என்றுதான் சொல்லியிருந்தார்கள், நானும் யார் போட்டது என்று கேட்டதில்லை. ஐந்தாறு கணக்கு எழுதி, பெருக்கலுக்கு அடியில் கோடு போட்டுக் காட்டினேன். கோடு போட்டால் சரியாகச் செய்தார்கள். கோடு இல்லையென்றால் மறுபடி இடமிருந்து வலம் ஓடினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. அக்கா நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

சுனாபட்டி அக்கா அதுவரை பேசவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, இது ஆம்பிளை வார்டு சீட்டு தானே?" என்றார்.

"ஆமா."

"அந்த வார்டுல வாசல்கிட்ட தனி ரூம் ஆறு இருக்கு. உள்ள போனா கட்டில் நாலு வரிசை. வரிசைக்கு பன்னெண்டு. அதைத்தான் எழுதியிருக்கானா?"

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அது தெரியாது. எண்கள் எங்கிருந்து வந்தன என்று நான் யோசித்திருக்கவேயில்லை.

"அப்பம் கட்டிலைத்தான பன்னெண்டால பெருக்கணும்?" என்றாள் அக்கா சட்டென்று. "ஆறு ரூம எதுக்குப் பெருக்க? ரூமுக்கு ஒரு ஆளு. நாலு பன்னெண்டு நாப்பத்தெட்டு, வாசல்ல ஆறு. அம்பத்திநாலு தட்டு." பிறகு என்னைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லதுக்கு என்னல?"

அன்றைக்குப் பிறகு நான் ரூல் என்ற சொல்லை எடுக்கவில்லை. எந்தக் கணக்கு எழுதினாலும் ஒரு வார்டைச் சொன்னேன். மூன்று பேர் டிஸ்சார்ஜ் ஆனால் கழித்தல். ஒரு கூடை வாழைப்பழத்தை வார்டுகளுக்குப் பிரித்தால் வகுத்தல். அடைப்புக்குறிக்கு நான் திணறியபோது சுனாபட்டி அக்காவே வழி சொன்னார். "ஃபாயில் ஒட்டின தட்டு மாதிரி. உள்ள இருக்கிற சோறு, கூட்டு, தயிர் எல்லாம் சேர்ந்து ஒரு தட்டு. உள்ளதை முடிச்சு ஒட்டின பிறகுதான் வெளியில எண்ணணும்." 2 × (6 + 4 × 12) என்று எழுதினேன். ஆளுக்கு இரண்டு இட்லி. உள்ளே ஐம்பத்துநான்கு, ஒட்டியாயிற்று, வெளியே இரண்டு. நூற்றெட்டு. மூவருக்கும் ஒரே தடவையில் வந்தது.

ஆனால் எழுதுவது வேறு. தினமும் சாயங்காலம் நான் வாஷியிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர ஏழு ஆகும். அக்கா அதிகாலை வேலைக்குப் போய், வந்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, கண் சொக்க உட்கார்ந்திருப்பாள். அத்தான் ஒரு நாள் ஏணியடியில் என்னை நிறுத்தினார். "மாப்ளே, எழுதித் தோத்தாள்னா அங்க வேல பாக்குற சின்னப் பொண்ணுங்க முன்னால இவ மூஞ்சி என்னாவும்? பேசாம வேலைய விடச் சொல்லு."

"விட்டா ரெண்டு பிள்ளைங்க ஃபீஸ்?" என்றேன். அவர் டெம்போ ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வண்டி நிற்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் நாள் நான் செய்தது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். விடையை உடனே சொன்னாள், சரியாக. தாளில் இப்படி எழுதியிருந்தாள்: 4 × 12 = 48 + 6 = 54.

"எழுதினது தப்பு" என்றேன்.

"விட சரியா?"

"விடை சரி."

"பெறவு என்ன தப்பு?"

"சமக்குறின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்க்கா. நாலு பன்னெண்டு நாப்பத்தெட்டு. இங்க நீ நாலு பன்னெண்டு அம்பத்திநாலுன்னு சொல்லுற மாதிரி ஆயிருது."

"நான் எங்கல அப்பிடிச் சொன்னேன்? நாப்பத்தெட்டாச்சு, பெறவு ஆறு சேத்தேன், அம்பத்திநாலு ஆச்சு. நடந்தது நடந்த மாதிரி எழுதுதேன்."

மறுபடி சொன்னேன். மறுபடி அதையே எழுதினாள். மூன்றாம் தடவை எழுதியபோது, அலுவலகத்தில் அன்று வாங்கிய திட்டும் ரயில் நெரிசலும் சேர்ந்து வாயில் வந்தது. "மூணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் இது!"

அக்கா பென்சிலைத் தாள்மேல் வைத்தாள். அது உருண்டு பாயில் விழுந்தது. எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் வெளியே போனாள்.

வடாலாக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அக்கா மூணாங்கிளாஸோட நின்னவங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். நான் பிறந்த வருடம் நின்றாள். அம்மா இட்லி வியாபாரம் தொடங்கியதும் அந்த வருடம்தான். அம்மா தலையில் பாத்திரம், அக்கா கையில் சட்னி வாளி. ஏன் நின்றாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் நான் வந்தபோது இருவரும் வரவில்லை. அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் பழைய வார்டு சீட்டுகளின் பின்பக்கத்தை நீட்டினாள். எட்டுச் சீட்டு. எல்லாவற்றிலும் சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொரு வரிக்கும் ஒன்று மட்டும்.

"பாரு. சரியா இருந்தா சொல்லு. சரியில்லன்னாலும் மெதுவாச் சொல்லு."

எல்லாம் சரியாக இருந்தன. அதற்கடுத்த நாள் மற்ற இருவரும் வந்தார்கள். வடாலாக்காரி வாசலிலேயே நின்று, "மாஸ்டர் மூட் எப்படி? உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

பரீட்சை சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. லீவு போட்டுவிட்டு நானும் போனேன். ஆஸ்பத்திரிப் பின்வாசலில், சிலிண்டர் இறக்குகிற இடத்தில் நின்றேன். உள்ளே உணவுப் பிரிவு மேடம் ஒருவர் கேள்வியை இந்தியில் சத்தமாக வாசிப்பார், படிக்கத் தெரியாதவர்கள் கேட்டு எழுத வேண்டும் என்று ஏற்பாடு. சன்னல் உயரத்தில் இருந்தது. மேடத்தின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதியில் நான் தினமும் நடத்தியதையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். வகுத்தலில் மீதி வந்தால் என்ன செய்வாள்? உள்ளே யாரோ ரப்பரால் அழிக்கிற மாதிரி எனக்குக் கேட்டது. அது இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து கேட்க முடியாது.

அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "பத்தும் போட்டுட்டேம்ல. ஒண்ணுகூட விடல. ரெண்டு மட்டும் சந்தேகம்."

"எனக்கு மூணு சந்தேகம்" என்றாள் வடாலாக்காரி. "டென்ஷன் நை லேனே கா, டென்ஷனே வேண்டாம். வாங்க, டீ குடிப்போம்."

மதியம் சுவரில் தாள் ஒட்டினார்கள். வடாலாக்காரிக்கு எட்டு. சுனாபட்டி அக்காவுக்கு ஆறு. அக்காவுக்கு ஐந்து.

அக்கா தாளின் முன்னால் நின்று தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணை விரலால் தொட்டாள். பக்கத்திலிருந்த பெயருக்கு நேரேயும் தொட்டுப் பார்த்தாள், வரி மாறிவிட்டதோ என்று. மாறவில்லை. சுனாபட்டி அக்கா அவள் முதுகில் கை வைத்தார்.

நான் போய் விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன். தவறான ஐந்தில் நான்கு நியாயமான தவறு. இரண்டு வகுத்தல், ஒன்றில் கழித்தலுக்குக் கடன் வாங்காமல் விட்டிருந்தாள், ஒன்று கேள்வியே புரியவில்லை. ஐந்தாவதைப் பார்த்ததும் எனக்குக் குழம்பியது. அவள் எழுதியிருந்தது இது:

7 × 36 − 20
= 252 − 20
= 232

அழகான வரிகள். பெருக்கல் முதலில், கழித்தல் பிறகு, சமக்குறி ஒன்றன்கீழ் ஒன்று. பெருக்கலும் சரி, கழித்தலும் சரி. பக்கத்தில் சிவப்பில் பெருக்கல் குறி மாதிரி ஒரு அடி.

"கேள்வி என்னக்கா?"

"எட்டு ஈடு இட்லி அவிச்சாச்சு. ஒரு ஈட்டுக்கு முப்பத்தாறு. இருவது ஒடஞ்சு போச்சு. வார்டுக்கு எத்தன போவும்னு கேட்டாவ."

ஈடு என்பது ஒரு தடவை அடுப்பில் ஏற்றி இறக்குகிற இட்லி. மேடம் இந்தியில் எட்டுத் தடவை என்று சொல்லியிருப்பார். அக்கா காதில் அது எட்டு ஈடு.

"எட்டுதானே? நீ ஏன் ஏழு போட்ட?"

அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "மொத ஈடு எப்பிடில கணக்குல வரும்?"

எங்கள் வீட்டில் முதல் ஈடு விற்பனைக்கு இல்லை. அம்மா வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். முதலில் இறங்குவது சந்தில் யார் வீட்டில் காய்ச்சலோ, யார் வீட்டில் வேலை இல்லையோ அவர்களுக்குப் போகும். கோயிலுக்கு முதல் விளைச்சலை முதற்பலனாக எடுத்துவைப்பது போல ஒரு வைராக்கியம் அம்மாவுக்கு. நானே எத்தனையோ காலையில் தட்டைத் துணியால் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் எண்ணியதில்லை. எண்ணியது அக்கா. எட்டு வயதிலிருந்து அவள் எண்ணியதில் முதல் ஈடு என்று ஒன்று இருந்ததேயில்லை. இரண்டாவதுதான் அவளுக்கு ஒன்று.

பதின்மூன்று நாளில் ஒரு நாள்கூட நான் இட்லி அவிப்பதை வைத்துக் கணக்குக் கொடுக்கவில்லை. கட்டில், வாழைப்பழம், தட்டு என்று எல்லாவற்றையும் எடுத்தேன். கல்லூரியில் மூன்று வருடம், அம்மா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் ஹோட்டல் பிசினஸ் என்று சொன்னவன் நான். அந்தப் பழக்கம் சிலேட்டிலும் வந்துவிட்டது போல.

தாளை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தாள். மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும், முகம் களைத்திருந்தது, மேசையில் சாப்பிடாத டப்பா. நான் இந்தியில் சொன்னேன், வேகமாக. அவள் கணக்குத் தப்பில்லை, முதல் ஈடு எங்கள் வழக்கம், இந்த ஒரு மதிப்பெண் கிடைத்தால் ஆறு, கையைப் பாருங்கள், டாக்டர் எழுதியிருக்கிறார்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துப் பேசினார். "நீங்க சொல்றதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு நிஜமா எட்டு வந்து, நீங்க ஏழுன்னு நினைச்சுத் தட்டு அனுப்பினா, முப்பத்தாறு இட்லி கிச்சன்லயே நிக்கும். அது எத்தனை பேஷண்ட்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அட்டாரா."

பதினெட்டு. ஆளுக்கு இரண்டு இட்லி. சொன்ன பிறகு அவள் அதைக் கேட்டது போலத் தெரிந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மேடம், அது அப்படி இல்ல, அந்த மாதிரி நிலைமையில அவ கேட்டுத் தெரிஞ்சுப்பா" என்று நான் தொடங்கினேன்.

"ஏல, சும்மா இரு." அக்கா என் கையிலிருந்து தாளை எடுத்தாள். "பதினெட்டு பேரு பட்டினியா கெடப்பாவ. மருந்து போட்டுக்கிட்டு வெறும் வயித்துல. அவ்வோ சொல்லுதது சரிதான்."

"அக்கா, கையி..."

"கை எனக்குத் தெரியும். வா."

மேடம் எழுந்து நின்றார். மாதக் கடைசியில் இன்னொரு பரீட்சை வைக்கச் சொல்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். அக்கா "தாங்க் யூ மேடம்" என்று சொன்னாள். வெளியே வந்து, சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். வடாலாக்காரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கழுவுகிற இடத்துக்குப் போனாள். வியாழக்கிழமை முதல் வெடிப்பு. அத்தான் அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உருண்டையாக அவள் தட்டில் வைத்தார். மறுநாளிலிருந்து வகுப்பு மறுபடி தொடங்கியது. அக்காவால் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை, துணி சுற்றிப் பிடித்தாள். எல்லா மாதிரிக் கணக்கும் கொடுத்தேன், இட்லி உட்பட. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுல எதையும் விடச் சொல்லியிருக்கா?" சொல்லவில்லை என்று நான் சொன்ன பிறகே எழுதுவாள். சுனாபட்டி அக்கா வேலை முடிந்து சுனாபட்டிக்குப் போகாமல் இங்கே வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனார். அத்தான் வெளியே போவதை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறி உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தார். ஒரு தடவை விடையைக்கூடச் சொன்னார், தப்பாக.

மாதக் கடைசியில் எழுதினாள். ஒன்பது. மறுநாளே தட்டு வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். கை ஆறக் கூடுதலாகச் சில வாரங்கள் ஆயின, ஆனால் ஆறியது.

கழுவுகிற இடத்தில் நாளுக்குத் தொண்ணூறு ரூபாய் குறைவு, அங்கே அவள் நின்றது இருபத்தாறு நாள். களிம்பு நான்கு குழாய் வாங்கினோம், குழாய் நூற்று நாற்பத்தைந்து. 26 × 90 + 4 × 145. கணக்கில் வராத அந்த முதல் ஈட்டின் விலை, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.